முப்புடாதியின் முன்னோடி

முப்புடாதி கல்லூரியை விட்டு ஓடிப்போனது அக்டோபர் ஒன்றாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். ஆனால் அந்தச் செய்தியை அவளிடம் ஆகஸ்ட் எட்டாம் தேதியே சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் பேராசிரியை ஹெப்சிபா. தென்கடல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவர்களுக்கு நடக்கும் இருபத்தொரு நாள் அறிமுகப் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு. கெட்ட செய்தி சொல்வதற்கு முன் ஒரு மிட்டாய் நீட்டுவது அவர் வழக்கம். இது தெரியாத முப்புடாதி மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் எதிரே இருந்த திரையில் தன் பெயருக்கு நேராக ஒரு சிவப்பு வட்டம் இருப்பதைக் கவனித்தாள்.

"நான் எங்க மேடம் ஓடிப்போனேன்? இங்கதான இருக்கேன்?"

"நீ இல்லம்மா. உன் முன்னோடி."

"அது யாரு?"

ஹெப்சிபாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சேரும்போது முன்னூத்திப் பன்னெண்டு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கீங்கல்ல? அந்தப் பதிலையும் உன் மார்க்கையும் வச்சு, உன்னை மாதிரியே ஒருத்தியைக் கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்குறோம். உன் சுபாவம், உன் பயம், உன் கோபம் எல்லாம் அவளுக்கும் இருக்கும். அவளை ஒரு செமஸ்டர் முழுக்க இங்க படிக்க விடுவோம். நமக்கு மூணு நாள், அவளுக்கு அஞ்சு மாசம். அவ எங்க தடுக்கி விழுறான்னு பாத்துட்டா, நீ விழாம முன்னாலயே பிடிச்சுக்கலாம். முன்னெல்லாம் ஆறு பேருக்கு ஒருத்தர் முதல் செமஸ்டர்லயே மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டிருந்தாங்க. இப்ப அப்படி இல்ல."

"நல்ல விசயந்தான் மேடம். ஆனா அவ ஏன் ஓடுனா?"

"நாப்பத்தோராம் நாள் முதல் லேப் டெஸ்ட். அதுவரைக்கும் ஆய்வகத்துல அவ ஒரு கேள்விகூடக் கேக்கலை. தெரியாததைத் தெரியாதுன்னு யார்கிட்டயும் சொல்லலை. டெஸ்ட் அன்னைக்குக் காலையில பையைத் தூக்கிட்டுப் பஸ் ஏறிட்டா."

முப்புடாதி வாயில் இருந்த மிட்டாயை நறுக்கென்று கடித்தாள்.

கேள்வி கேட்காத முப்புடாதி என்றால் சுரண்டையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பீடி சுற்றும் அவள் அம்மா, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் அவளுக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி என்று ரேஷன் போட்டிருந்தார். இங்கே வந்த ஒரே வாரத்தில், ராகிங் கூடாது என்று வகுப்பெடுக்க வந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து "சார், நீங்க காலேஜ்ல ராகிங் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டு, அவரைக் கால்மணி நேரம் முன்னதாகவே ஜீப்பில் ஏற வைத்திருந்தாள். மூக்கில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிக் கணினியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் அவள் கை தூக்குவதைக் கண்டாலே தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"மேடம், அது நான் இல்ல."

"எல்லாரும் இதைத்தான்மா சொல்வாங்க." ஹெப்சிபா கனிவாகச் சிரித்தார். "முன்னோடி சொன்னது நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேருக்குச் சரியா இருக்கு."

"மீதி ஆறு பேரு?"

"அவங்களும் பாலம் வகுப்புல நல்லாத்தான் படிக்கிறாங்க."

பாலம் வகுப்பு என்றால் என்னவென்று முப்புடாதிக்குத் தெரியும். சிவப்பு வட்டம் விழுந்தவர்கள் ஒரு வருடம் அங்கே போய் உட்கார வேண்டும். அதற்குள் அவர்கள் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். அடுத்த வருடம் எந்தப் பிரிவில் காலி இருக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளலாம். விண்கலப் பொறியியலில் மொத்தமே அறுபது இடம். அது காலியாவதாவது! குலசேகரப்பட்டினத்திலிருந்து ராக்கெட் கிளம்பினால் அவள் விடுதி மொட்டைமாடியில் தெரியும் என்பதற்காகவே இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள். முடிவு எடுக்கும் குழு பதினெட்டாம் தேதி கூடுகிறது.

"இதைத் தண்டனையா நினைக்காதம்மா" என்றார் ஹெப்சிபா, இன்னொரு மிட்டாயை நீட்டிக்கொண்டே. முப்புடாதி அதை வாங்கவில்லை.

சிவப்பு வட்டக்காரர்களைப் பயிற்சி நேரத்தில் தனி அறையில் உட்கார வைத்தார்கள். வாசலில் 'கூடுதல் கவனக் குழு' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. மொத்தம் பதினாறு பேர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்தவர்கள் போல ஆளுக்கொரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்புடாதி நேராகப் போய் ஒரு பையன் முன்னால் நின்றாள்.

"உன் முன்னோடி எந்த நாள் ஓடுச்சு?"

அவன் பெயர் சுடலைமணி. கீழப்பாவூர்க்காரன், கட்டடப் பொறியியல். "நாப்பத்தொண்ணு" என்றான் தரையைப் பார்த்தபடி.

"எனக்கும் நாப்பத்தொண்ணுதான்" என்றது இரண்டு நாற்காலி தள்ளி ஒரு குரல்.

"எனக்கும்."

முப்புடாதி எண்ணினாள். பதினாறு பேரில் பன்னிரண்டு பேருக்கு நாற்பத்தோராம் நாள். பன்னிரண்டு முன்னோடிகளும் முதல் ஆய்வகத் தேர்வன்று காலையில், ஒரே காரணத்துக்காக, ஒரே பஸ்ஸில் ஏறியிருந்தன. ஊர் கேட்டாள். சுரண்டை, கீழப்பாவூர், ஆனைகுளம், வீரகேரளம்புதூர். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடம்தான்.

"நம்ம ஊரு தண்ணி அப்படி போல" என்றான் சுடலைமணி பெருமூச்சோடு.

"தண்ணியாவது ஒண்ணாவது. இந்தா, ஒண்ணு கேக்கேன். உனக்கு அட்மிசன் பாரம் யாரு போட்டா?"

"வேற யாரு? பொன்னுலிங்கம் அண்ணன்தான்."

அறையில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் "எனக்கும் அண்ணந்தான்!" என்று கத்தினார்கள். அந்தக் குழுவில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அறை வாசலில் நின்ற உதவிப் பேராசிரியர் அதைக் 'குழு முன்னேற்றம்' என்று குறித்துக்கொண்டார்.

உலகம் எவ்வளவுதான் முன்னேறட்டும், படிவம் என்று ஒன்று இருக்கும்வரை அதை நிரப்பித் தர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்பீடு பிரவுசிங் சென்டரில் அந்த ஆள் பொன்னுலிங்கம். முப்பத்தெட்டு வயது, பிரம்மச்சாரி, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பேனா. முதியோர் பென்ஷனா, பாஸ்போர்ட்டா, அமெரிக்கப் பல்கலைக்கழகமா, எல்லாம் அவரிடம்தான். நாம் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு "நீங்களே பாத்துப் போட்டுருங்கண்ணே" என்று சொல்லி எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும். ரகசியக் குறியீட்டைக்கூட அவரே வைத்து, ஜெராக்ஸ் தாளின் பின்னால் எழுதிக் கொடுப்பார். தாலுகா முழுவதற்கும் ஒரே ரகசியக் குறியீடுதான்.

முப்புடாதியும் அன்று அப்படித்தான் செய்தாள். உலகத்தில் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பவள், அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. படிவம் என்றால் அண்ணன் பார்த்துக்கொள்வார். அவள் அப்பா, அம்மா, பக்கத்து வீடு எல்லாரும் அப்படித்தான். இப்போது அதை நினைத்தபோது அவளுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்றாள். "இந்தப் பதிலெல்லாம் எங்களது இல்லன்னு மேடம்கிட்டச் சொல்லிருவோம்."

சுடலைமணி தன் கண்ணாடியில் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து படித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மறுபடியும் வாடியது. "கிழிஞ்சுது. இதக் கேளு. 'மேற்கண்ட பதில்கள் அனைத்தும் நானே அளித்தவை. பொய் எனத் தெரியவந்தால் என் சேர்க்கையை ரத்து செய்யலாம்.' இதுக்கு நேரா டிக்கு விழுந்திருக்கு."

சிரிப்பு அடங்கிவிட்டது. சொல்லாவிட்டால் ஒரு வருடம் பாலம் வகுப்பு, விண்கலம் அம்போ. சொன்னாலோ பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், போகிற போக்கில் அண்ணன் கடைக்கும் பூட்டு விழும். "ஒரு வருசந்தான, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்" என்றாள் ஆனைகுளத்துப் பெண். அவள் கணினிப் பிரிவு, அங்கே எப்போதும் இடம் காலி இருக்கும். முப்புடாதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அவள் வெளியே போய்ப் பொன்னுலிங்கத்துக்கு போன் போட்டாள்.

"அண்ணே, நான் முப்புடாதி. லோடு ஆட்டோ மாடசாமி மக."

"ஏ, நம்ம ராக்கெட்டு! எப்படி இருக்க பாப்பா? சோறு நல்லாப் போடுதானுவளா?"

"போடுதாங்கண்ணே. அந்த அட்மிசன் பாரத்துல முன்னூத்திப் பன்னெண்டு கேள்வி இருந்துச்சுல்லா? அதுக்கு என்னத்த வச்சுப் பதில் போட்டீங்க?"

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டேப்ளர் சத்தம் நின்றது. "ஏன், எதும் சிக்கலா?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. கடையில் யாரோ ஆதார் கார்டு என்று கேட்டதற்கு "செத்த இருங்க" என்ற சத்தம் மட்டும் வந்தது.

"நான் என்ன பாப்பா செய்ய?" என்றார் கடைசியில். "மார்க்கு, ஜாதிச் சான்றிதழ்னா பாத்துப் போட்டுருவேன். அதுல என்னென்னவோ கேட்டுருந்தான். 'தெரியாத இடத்தில் தனியாகப் போய்ச் சாப்பிடுவாயா, பசியோடு இருப்பாயா?'ன்னு ஒண்ணு. 'எல்லோரும் சிரிக்கும்போது உனக்கு மட்டும் புரியாவிட்டால் என்ன செய்வாய்?'ன்னு ஒண்ணு. உங்க மனசுல என்ன இருக்குன்னு நான் எங்க போய்ப் பாக்க? வெளிய இருபது பேரு நிக்கான். எனக்கு என்ன தோணுச்சோ அதப் போட்டேன். மொத ஆளுக்குப் போட்டத அப்படியே மத்தவங்களுக்கும் காப்பி பண்ணிட்டேன்."

"பரவால்லண்ணே…"

"அது ஓடிட்டுன்னியே. எத்தனாவது நாளுன்ன?"

"நாப்பத்தொண்ணு."

நாற்காலி நகர்ந்து, கடைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"மொத லேப் டெஸ்ட் அன்னைக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் காலேஜுக்குப் போனவந்தான் பாப்பா. யாருக்கும் தெரியாது. இருபது வருசம் இருக்கும். இன்ஜினியரிங். மொத நாளு லேப்ல சிஸ்டத்த ஆன் பண்ணுங்கன்னாரு வாத்தியார். எங்க ஸ்கூல்ல லேப்டாப்புதான் பாத்திருக்கேன், அதுல எல்லாம் ஒண்ணா இருக்கும். இங்க டி.வி. மாதிரி ஒண்ணு மேல இருந்துச்சு. அதுல இருந்த பட்டனை அமுக்குனேன். லைட்டு எரிஞ்சுது, வேற ஒண்ணும் வரல. கீழ மேசைக்கடியில டப்பா ஒண்ணு இருக்கு, அதையும் அமுக்கணும்னு யாரு கண்டா? சுத்திப் பாத்தேன். எல்லாரும் தட்டிட்டு இருக்கான். கேட்டா சிரிப்பானுவோன்னு கேக்கல. அன்னைக்குக் கேக்கல, மறுநாளு கேக்க இன்னும் வெக்கமாப் போச்சு. நாப்பது நாளும் பக்கத்துல இருக்கவன் மிஷினைப் பாத்து நோட்டுல எழுதிட்டு வந்தேன். நாப்பத்தோராம் நாளு டெஸ்ட். ஆளுக்கொரு மிஷின். பைய எடுத்தேன், பஸ் ஏறிட்டேன்."

முப்புடாதிக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு மனிதரிடம் கேள்வி கேட்க மனசு வரவில்லை.

"அப்புறம் நானா முட்டி மோதிக் கத்துக்கிட்டுத்தான் கடையைப் போட்டேன்" என்றார் அவர். "நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணுகூட ஒரு பட்டனுக்காகத் திரும்பி வரக்கூடாதுன்னு. இப்ப நானே பன்னெண்டு பேரத் திருப்பிக் கூட்டியாந்துட்டேன்னா அப்புறம் என்ன இருக்கு? நீ போய் என் பேரச் சொல்லிரு. கடைக்கு வாரது வரட்டும்."

மறுநாள் காலையில் முப்புடாதி ஹெப்சிபாவின் அறைக்குப் போனபோது அவர் ஒரு வரைபடத்தை ரசித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கோடு போலப் படுத்திருந்தன.

"வாம்மா. இதைப் பாத்தியா? 'தென்காசி வட்டார மாணவர்களிடம் காணப்படும் வினாத் தயக்கம்'. அடுத்த மாசம் கோயம்புத்தூர் கருத்தரங்குல வாசிக்கப் போறேன். உங்க பக்கத்துப் பிள்ளைகளை இனிமே நேரா பாலம் வகுப்புலயே சேர்த்துட்டா நல்லதுன்னு குழுவுக்கும் எழுதப் போறேன்."

"மேடம், அந்தப் பன்னெண்டும் ஒரே ஆளு."

ஹெப்சிபா மிட்டாய் டப்பாவைத் திறந்தார். இந்த முறை தனக்காகத்தான். முப்புடாதி சொல்லி முடிப்பதற்குள் மூன்று மிட்டாய் தீர்ந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகத் தன் ஆராய்ச்சிக்குள்ளிருந்து ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் புறப்பட்டு வருவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் அவர் நல்ல ஆசிரியர். கோடுகளை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தார்.

"அப்ப மிஷின் தப்பே பண்ணலை" என்றார் மெல்ல. "முன்னூத்திப் பன்னெண்டு பதிலை வச்சுக்கிட்டு, இருபது வருசத்துக்கு முன்னால ஒருத்தர் எந்த நாள் பஸ் ஏறினார்னு கண்டுபிடிச்சிருக்கு!" அவர் முகத்தில் பெருமையும் பயமும் ஒன்றாக வந்து போயின. பிறகு குரல் இறங்கியது. "ஆனா நீங்க கொடுத்த உறுதிமொழி? சட்டப்படி அது பொய். நான் என்னம்மா செய்றது?"

முப்புடாதி ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்திருந்தாள்.

"மேடம், ஒரு கேள்வி. அந்த டிக்கையும் அண்ணந்தான போட்டாவ? நான் கொடுக்காத உறுதிமொழியை நான் எப்படி மேடம் மீற முடியும்?"

ஹெப்சிபா பேனாவைக் கீழே வைத்தார்.

"உறுதிமொழியே கொடுக்கலைன்னா, பாரம் பொய்யா மேடம், இல்ல முழுசா நிரப்பாத பாரமா? நிரப்பாத பாரத்துக்கு விதி என்ன?"

ஹெப்சிபா விதிப் புத்தகத்தைத் திறந்தார். முழுமையடையாத படிவத்தை அறிமுகப் பயிற்சி முடிவதற்குள் மாணவர் நேரில் வந்து நிறைவு செய்யலாம் என்று நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. அவர் சிரித்துவிட்டார். "நாப்பது நாள் கேள்வியே கேக்காதவளாம்! உன்னையா?"

"அண்ணன் பேரை எழுதணுமா மேடம்? எழுதச் சொன்னாவ."

"எழுதத்தான் வேணும்." ஹெப்சிபா தட்டச்சு செய்யத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "ஆனா அவர் ஒரு பதில்கூடப் பொய்யாச் சொல்லலையே. எல்லாம் உண்மைதான், அவரைப் பத்தின உண்மை. அப்படியே எழுதுறேன். குழு பாத்துக்கட்டும்."

முப்புடாதி எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு மேடம். அண்ணன் காலத்துல இந்த மிஷின் இருந்திருந்தா, அவரை என்ன பண்ணியிருக்கும்?"

"பாலம் வகுப்புல போட்டிருக்கும்."

"அங்க கம்ப்யூட்டரை எங்க அமுக்கணும்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்களா?"

ஹெப்சிபா பாலம் வகுப்பின் பாடத்திட்டத்தைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார். தன்னம்பிக்கை வளர்த்தல், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, நேர மேலாண்மை, மேடைக் கூச்சம் போக்குதல். கீழிருந்து மேலே இன்னொருமுறை பார்த்தார். அதை அவரே எழுதியிருந்தார். "இல்லம்மா" என்றார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பன்னிரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து முன்னூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் சொந்தமாகப் பதில் எழுதினார்கள். முப்புடாதி எழுதி முடிக்க மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் அதிகமாயிற்று. கேள்விகளின்மேல் அவளுக்குக் கேள்விகள் இருந்தன. மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவள் முன்னோடி செமஸ்டரை முடித்திருந்தது. 'ஆய்வகத்திலிருந்து இருமுறை வெளியேற்றம், காரணம்: இடைவிடாத கேள்விகள்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்குச் சிவப்பு வட்டம் போய்விட்டது. சுடலைமணியின் முன்னோடி மட்டும் அறுபத்து மூன்றாம் நாள் மெஸ் சாப்பாடு தாங்காமல் ஓடியிருந்தது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

"ஆயிரம் இருந்தாலும் இது என் சொந்த ஓட்டம்லா" என்றான். அவனைப் பாலம் வகுப்புக்கு அனுப்புவதற்குப் பதிலாக மெஸ்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். பதினெட்டாம் தேதி கூடிய குழு பொன்னுலிங்கத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடைக்குப் பூட்டுப் போடவில்லை. கடிதத்தைப் படித்துக் கடைக் கோப்பில் பத்திரமாகப் போட்டுக்கொண்டதாக அவர் செய்தி அனுப்பியிருந்தார்.

அறிமுகப் பயிற்சியின் கடைசி நாள் மாலை முப்புடாதி மறுபடியும் ஹெப்சிபாவின் அறை வாசலில் நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"அண்ணனோட முன்னோடியை என்ன செய்வீங்க மேடம்?"

"அழிச்சிடுவோம். தப்பான படிவம்தானே."

"அழிக்கிறதுக்கு முன்னால, என் முன்னோடியை லேப்ல அதுக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வைக்க முடியுமா?"

ஹெப்சிபா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். முப்புடாதியும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் படமெல்லாம் ஒன்றும் இல்லை, நாளும் நேரமும் எழுத்தும்தான். முதல் நாள், ஆய்வகம். இருக்கை பதினேழில் அண்ணன். இருக்கை பதினெட்டில் முப்புடாதி. 'பயிற்சியைத் தொடங்குங்கள்' என்கிறார் ஆசிரியர். பதினேழு பேசாமல் இருக்கிறது. நாலு நொடியில் பதினெட்டு கை தூக்குகிறது. 'சார், இது எங்க ஆன் பண்றது?' வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் வந்து காட்டுகிறார். பதினேழும் குனிந்து பார்க்கிறது.

இரண்டே முன்னோடிகள் என்பதால் நாட்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. இருபத்திரண்டாம் நாள் பதினேழு முதல்முறையாகப் பதினெட்டிடம் ஏதோ கேட்டது. முப்புடாதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நாற்பது. நாற்பத்தொன்று, ஆய்வகத் தேர்வு. ஹெப்சிபா தன்னையறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வரி வந்தது. முப்புடாதி அதைப் படித்துவிட்டு, உடனே போனை எடுத்தாள்.

"அண்ணே, உங்க முன்னோடி டெஸ்ட் எழுதிருச்சு."

கடையில் கூட்டம் போல. பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதுச்சா? மார்க்கு எவ்வளவு?"

அவள் ஹெப்சிபாவைப் பார்த்தாள். பொய் சொல்ல மனசில்லை. "முப்பத்தெட்டுண்ணே. பெயிலு."

பிரிண்டர் தாள் தீர்ந்து கத்த ஆரம்பித்தது. பொன்னுலிங்கம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பெயிலாகியும்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார், "மறுநாளு வந்துச்சா?"

அவள் திரையின் அடுத்த வரியைப் பார்த்தாள். "வந்துச்சுண்ணே. காலையில ஒம்பது மணிக்கே வந்துட்டு."

எதிர்முனையில் பிரிண்டரை நிறுத்தும் சத்தம். "பாப்பா" என்றார். "அதை நிப்பாட்டிர வேண்டாம்னு மேடத்துக்கிட்டச் சொல்லுவியா? படிச்சு முடிக்கட்டும்."

ஹெப்சிபா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விசைப்பலகையை இழுத்து ஏதோ தட்டினார். "ஓடட்டும். ஆனா வேகமா வேண்டாம்" என்றார். "இனிமே நமக்கு ஒரு நாள்னா அதுக்கும் ஒரு நாள். நாலு வருசம் மெதுவாப் படிக்கட்டும். தினமும் அது என்ன பண்ணுச்சுன்னு உன் கண்ணாடிக்கே வந்துடும்."

மறுநாள் காலை விண்கலப் பொறியியலின் முதல் வகுப்பு. முப்புடாதி தலை சீவிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக ஆய்வகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு செய்தி மின்னியது. பொன்னுலிங்கம் அண்ணன்.

'இன்னைக்கு என்ன லேப்?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடந்துகொண்டே கேட்டாள். 'யாருக்குண்ணே? எனக்கா, முன்னோடிக்கா?'

அவள் ஆய்வக வாசலை எட்டும்போது பதில் வந்தது.

'எனக்கு.'